மெடிகெய்ட் தகுதிச் சோதனை மாறுகிறது: புதிதாக வந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்?

மெடிகெய்ட் வைத்திருப்பவர்களும் இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களும் 2027 ஜனவரி 1 என்ற தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் இந்த மருத்துவ உதவிக்கு யார் தகுதியானவர் என்று சோதிக்கும் முறை, அந்தத் தேதியை ஒட்டிப் பெரிதாக மாறுகிறது. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம்தான் காரணம். அதில் உள்ள எல்லாமே ஒரே நாளில் நடப்புக்கு வருவதில்லை. சில 2026 அக்டோபரிலேயே வருகின்றன, சில 2028 வரை தள்ளிப் போகின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்று தெரியாமல் பயந்துபோய் அட்டையையே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள்.

நியூ ஜெர்சியில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கும் கட்டடத்தில் ஒரு மேசை போட்டு, அரசாங்கப் படிவங்கள் நிரப்பத் திணறுகிறவர்களுக்கு நிரப்பித் தருகிறேன். வருமானம் கூடியதால் மெடிகெய்டை இழந்தவர்கள் அந்த மேசைக்கு அபூர்வமாகவே வந்திருக்கிறார்கள். கடிதம் வந்ததே தெரியாமல் இழந்தவர்கள், வந்தும் புரியாமல் வைத்துவிட்டவர்கள், புரிந்தும் கெடுவைத் தவறவிட்டவர்கள், இவர்கள்தான் அதிகம். நாடு முழுக்கவும் இதேதான் நடந்தது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து, யாரையும் திட்டத்திலிருந்து நீக்கக் கூடாது என்றிருந்தது. அந்தப் பாதுகாப்பு 2023 மார்ச் 31உடன் முடிந்தது. பிறகு மாநிலங்கள் எல்லோரையும் மறுபடி சோதித்ததில் 2.5 கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேருக்குத் தகுதி இல்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, கையெழுத்து இல்லை, முகவரி மாறிவிட்டது என்பது போன்ற காரணங்கள்தான். இனி சிலருக்கு இந்தச் சோதனை வருடத்துக்கு இரண்டு முறை வரும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

படி 1: எந்தத் திட்டம், அதில் எந்தப் பிரிவு?

மெடிகேர் வேறு, மெடிகெய்ட் வேறு. மெடிகேர் 65 வயதானவர்களுக்கும் சில உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியது. மெடிகெய்ட் வருமானத்தைப் பார்த்துத் தருவது. இரண்டுமே 1965இல் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஒரே சட்டத்தில் பிறந்தவை. பெயரும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் குழப்பம் தீர்ந்தபாடில்லை. போதாததற்கு, மாநிலத்துக்கு மாநிலம் மெடிகெய்டுக்குச் செல்லப் பெயர் வேறு. கலிஃபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், வாஷிங்டனில் ஆப்பிள் ஹெல்த், இங்கே நியூ ஜெர்சியில் என்.ஜே. ஃபேமிலிகேர், பென்சில்வேனியாவிலும் மினசோட்டாவிலும் மெடிக்கல் அசிஸ்டன்ஸ். கடிதத்தின் தலைப்பில் இந்தப் பெயர்தான் இருக்கும். விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, பிரிவு. 2010ஆம் ஆண்டின் ஒபாமாகேர் சட்டத்தால், 2014 முதல் பல மாநிலங்கள் 19 முதல் 64 வயது வரையுள்ள பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டன. இதை ‘எக்ஸ்பான்ஷன்’ பிரிவு என்பார்கள். வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் இருக்கலாம். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் தனி ஆளுக்கு வருடம் சுமார் 21,597 டாலர், நான்கு பேர் குடும்பத்துக்கு சுமார் 44,367 டாலர். 40 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் இதை ஏற்றன. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற 10 மாநிலங்கள் ஏற்கவில்லை. டெக்சாஸில் பிள்ளை இல்லாத, உடல் நலமாக இருக்கிற பெரியவருக்கு, வருமானம் எவ்வளவு குறைந்தாலும் மெடிகெய்ட் கிடையாது.

இந்தப் பிரிவை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், புதிய சட்டத்தின் இரண்டு பெரிய மாற்றங்களான ஆறு மாதச் சோதனையும் வேலை நிபந்தனையும் இந்த எக்ஸ்பான்ஷன் பெரியவர்களுக்குத்தான். குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், உடல் குறைபாட்டுக்காக மெடிகெய்ட் பெறுகிறவர்கள் பழையபடி வருடத்துக்கு ஒரு முறைதான். ஆகவே ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஒரு தேதி, பிள்ளைக்கு வேறொரு தேதி என்று கடிதங்கள் வரும். ‘போன மாதம்தானே புதுப்பித்தோம்’ என்று நினைத்து அடுத்ததை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே புதுப்பிக்கும் மாதத்தை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். நீங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லையா? அட்டையில் உள்ள எண்ணுக்கு அழைத்து, ‘நான் எக்ஸ்பான்ஷன் பிரிவா, என் ரினியூவல் எந்த மாதம்?’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

படி 2: குடிவரவு நிலை

ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் பெரியவருக்குப் பொதுவாக மெடிகெய்ட் கிடையாது. கிரீன் கார்டு வாங்கியவருக்கும் முதல் ஐந்து ஆண்டு பெரும்பாலும் கிடையாது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இந்த ஐந்தாண்டுக்குள்ளும் தருகின்றன. இங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன். பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் அந்தக் குழந்தைக்குத் தனித் தகுதி உண்டு. குழந்தைக்கு மட்டும் விண்ணப்பிக்கும்போது, தமக்கு உதவி கேட்காத பெற்றோர் தங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ குடிவரவு நிலையையோ எழுத வேண்டியதில்லை. கேட்டாலும் ‘நான் விண்ணப்பதாரர் அல்ல’ என்று சொல்லலாம். முறையான விசாவில் வந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடப் பல மாநிலங்கள் தருகின்றன.

இனி மாற்றம். 2026 அக்டோபர் 1 முதல், மத்திய அரசுப் பணத்தில் வரும் மெடிகெய்ட் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், கியூபா, ஹெய்ட்டி மற்றும் சில பசிபிக் தீவுகளிலிருந்து வந்த சிலருக்கும் என்று சுருங்குகிறது. அகதியாகவோ அடைக்கலம் பெற்றவராகவோ இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கையிலிருந்து வந்து இங்கே அடைக்கலம் பெற்ற நம் குடும்பங்களுக்கு இது நேரடி அடி. அடைக்கலம் கிடைத்து ஓராண்டானதும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பலர் ‘அவசரமில்லை’ என்று பல வருடம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சர்க்கரை மருந்து, டயாலிசிஸ், பிள்ளையின் ஆஸ்துமா மருந்து என்று மெடிகெய்டை நம்பி இருப்பவர்கள் இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இலவசச் சட்ட உதவி மையங்களிலும் கேட்கலாம்.

ஊரிலிருந்து அம்மா அப்பாவை கிரீன் கார்டில் அழைத்துவருகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. ஐந்தாண்டுக் காத்திருப்பு தவிர, ஐ-864 ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிள்ளையின் வருமானமும் பெற்றோர் கணக்கில் வரக்கூடும். முன்பெல்லாம் மெடிகெய்ட் கிடைக்காத இந்தப் பெற்றோருக்கு, ஒபாமாகேர் சட்டப்படி காப்பீடு வாங்கும் சந்தையான மார்க்கெட்பிளேஸில் நல்ல மானியம் கிடைத்தது. ஐந்தாண்டுக் காத்திருப்பில் இருப்பவரின் குடும்ப வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் 2026 முதல் அந்த மானியமும் இல்லை. விமான டிக்கெட் போடும் முன் காப்பீட்டுச் செலவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது அரசு உதவி எதற்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால், முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அக்கம்பக்கத்துப் பேச்சையும் வாட்ஸ்அப் செய்தியையும் நம்பாதீர்கள்.

படி 3: வருமானத்தைச் சரியாகச் சொல்லுதல்

65 வயதுக்குட்பட்ட பெரும்பாலோருக்கு வரிக் கணக்கு முறையில்தான் வருமானம் பார்க்கப்படும். போன வருடம் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதை விட, இந்த மாதம் எவ்வளவு வருகிறது என்பதுதான் விண்ணப்பத்தில் முக்கியம். ஜனவரியில் நல்ல சம்பளம், மார்ச்சில் வேலை போனது என்றால், ஏப்ரலில் தகுதி இருக்கலாம். வேலையிழப்பு உதவித் தொகை வருமானமாகச் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. ஊரில் உள்ள வீட்டு வாடகை, வங்கி வைப்புத்தொகையின் வட்டி, இவை இந்தியாவில் கிடைத்தாலும் அமெரிக்க வரிக் கணக்கில் வருபவை, எனவே இங்கேயும் வருமானம்தான். மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கழிக்க முடியாது. அண்ணன் அவசரத்துக்கு அனுப்பிய பணம் அன்பளிப்பு, அது இந்த முறையில் வருமானம் அல்ல. வீட்டிலிருந்து இட்லி மாவு விற்கிறவர்கள், பாட்டு வகுப்பு எடுக்கிறவர்கள், பிள்ளை பார்த்துக்கொள்கிறவர்கள் ரொக்கமாக வாங்கினாலும் ஒரு நோட்டில் தேதி, தொகை, யாரிடமிருந்து என்று எழுதுங்கள். இந்த நோட்டு பின்னால் வேறொரு காரணத்துக்கும் கைகொடுக்கும்.

65 வயதானவர்களுக்கும் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் பல மாநிலங்களில் சொத்துக் கணக்கும் பார்ப்பார்கள். ஊரில் அவர்கள் பெயரில் உள்ள நிலத்தை மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் வரும் சிக்கல் பெரிது.

படி 4: பெயரும் முகவரியும்

இதை ஒரு தனிப் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மாநிலம் உங்களிடம் கேட்பதற்கு முன் கணினியில் சோதிக்கிறது. சோஷியல் செக்யூரிட்டிப் பதிவு, சம்பளத் தரவு, குடிவரவுத் துறையின் ‘சேவ்’ என்ற முறை, எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும். நம் பெயர்களோ அப்பா பெயரும் தன் பெயரும் மட்டுமே. எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்று ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு விசாவில் ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முன்னால் போட்டிருப்பார்கள். அதுவே பெயர் என்று நினைத்து மெடிகெய்ட் அட்டையில் அச்சடித்ததையும் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, கிரீன் கார்டு, மெடிகெய்ட் அட்டை நான்கையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் முதலில் சோஷியல் செக்யூரிட்டியில் திருத்துங்கள். மற்றவற்றை அதன்படி திருத்துவது எளிது.

முகவரி மாறினால் தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது, மெடிகெய்ட் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் மெடிகெய்ட் கூட வராது. பழையதை முடித்துவிட்டு, புது மாநிலத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இரண்டு மாநிலங்களில் பதிவாகியிருக்கிறாரா என்று பார்ப்பதையும் புதிய சட்டம் இறுக்குகிறது.

படி 5: புதுப்பித்தல் கடிதம் வந்ததும்

விதிப்படி மாநிலம் தன்னிடம் உள்ள தரவை வைத்தே முதலில் புதுப்பிக்க முயல வேண்டும். அது முடிந்தால் ‘உங்கள் மெடிகெய்ட் தொடர்கிறது’ என்று கடிதம் வரும். அதையும் படியுங்கள். வருமானமோ குடும்ப எண்ணிக்கையோ தவறாக இருந்தால் திருத்திச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

முடியாவிட்டால், பாதி நிரப்பிய படிவம் வரும். திருப்பி அனுப்பக் குறைந்தது 30 நாள் தருவார்கள். படிவத்தில் ஏற்கெனவே அச்சிட்டிருப்பது சரியா என்று பார்த்து, தவறை அடித்துச் சரியானதை எழுதி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். கையெழுத்தை மறப்பதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை. சம்பளச் சீட்டு போன்றவற்றின் நகலை மட்டும் இணையுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். இணையத்தில் ஏற்றினால் உறுதி எண் வரும் திரையைப் படம் பிடியுங்கள், நேரில் கொடுத்தால் தேதி முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். ஓர் அக்கா நேரில் கொண்டுபோய்க் கொடுத்த படிவத்தை ஓர் அலுவலகம் ‘வரவேயில்லை’ என்றது. அவர் கையில் முத்திரையிட்ட நகல் இருந்ததால்தான் அவருடைய இரத்த அழுத்த மருந்து நிற்காமல் தப்பியது.

ஆங்கிலம் கடினமாக இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. மத்திய அரசுப் பணம் பெறும் அலுவலகங்கள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். அழைத்ததும் ‘தமிழ் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்’ என்று சொல்லிக் காத்திருங்கள். மலையாளமா, ஹிந்தி மொழியா என்று இழுத்தடித்தாலும் தமிழ் என்பதிலேயே நில்லுங்கள். பத்து வயதுப் பிள்ளையை விட்டு அம்மாவின் நோயைப் பற்றி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். புதுப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்டு அழைப்பவர் ஏமாற்றுக்காரர்.

எக்ஸ்பான்ஷன் பெரியவர்களுக்கு இந்தச் சுற்று முழுவதும், 2026 முடிந்ததும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும்.

படி 6: மாதம் 80 மணி நேரம்

இதுதான் பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. எக்ஸ்பான்ஷன் பிரிவில் உள்ள 19 முதல் 64 வயதுக்காரர்கள், மாதம் 80 மணி நேரம் வேலை, சமூக சேவை, வேலைப் பயிற்சி ஆகியவற்றில் ஒன்றையோ கலந்தோ செய்ததாகக் காட்ட வேண்டும். கல்லூரியில் அரைநேர மாணவராக இருந்தாலும் போதும். மணிக்கணக்கு காட்ட முடியாவிட்டால், மாதம் 580 டாலர் வருமானம் காட்டலாம். மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரை 80ஆல் பெருக்கினால் வருவது அது. மாவு விற்கிறவரின் நோட்டு இங்கேதான் உதவும். 2027 ஜனவரி 1க்குள் மாநிலங்கள் இதைத் தொடங்க வேண்டும். முன்பே தொடங்கவும் சட்டம் இடம் தருகிறது. சில மாநிலங்களுக்கு 2028 கடைசி வரை அவகாசம் கிடைக்கவும் வழி உண்டு. எனவே உங்கள் மாநிலத்தின் தேதியைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலக்கு பெறுகிறவர்கள் நிறையப் பேர். 13 வயது வரையுள்ள பிள்ளையின் பெற்றோர், அந்தப் பிள்ளையையோ உடல் குறைபாடு உள்ளவரையோ பார்த்துக்கொள்கிறவர், கர்ப்பிணிகள், பிரசவித்து மெடிகெய்டில் இருப்பவர்கள், கடுமையான அல்லது சிக்கலான நோய் உள்ளவர்கள், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், முழு ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள், மெடிகேரும் உள்ளவர்கள் என்று பட்டியல் நீளும். சில விலக்குகளை மாநிலமே தரவிலிருந்து கண்டுகொள்ளும். பலவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். மாமியாருக்குப் பக்கவாதம், நாள் முழுக்க நீங்கள்தான் தூக்கி உட்கார வைக்கிறீர்கள் என்றால் நீங்கள் ‘சும்மா வீட்டில் இருப்பவர்’ அல்ல. மருத்துவரிடம் அதை ஒரு கடிதமாக எழுதி வாங்குங்கள். உங்களுக்கே நோய் என்றாலும் அடுத்த சந்திப்பிலேயே கடிதம் கேளுங்கள், சோதனை வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் செய்யும் சேவை சேருமா என்று கேட்கிறார்கள். எந்த அமைப்பின் சேவையை ஏற்பார்கள் என்று மாநில அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டு, ஏற்பதாக இருந்தால் மணிக்கணக்கோடு கையெழுத்திட்ட கடிதம் மாதாமாதம் வாங்குங்கள். புதிதாக விண்ணப்பிக்கும்போது அதற்கு முந்தைய ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை பார்ப்பார்கள். ஆகவே பதிவேட்டை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஆர்க்கன்சாஸ் 2018இல் இதே போன்ற நிபந்தனையைச் சோதித்துப் பார்த்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். வேலை செய்கிறவர்களும் அதில் இருந்தார்கள். மணிக்கணக்கை முதலில் இணையத்தில் மட்டுமே பதிய வேண்டியிருந்தது, அந்தத் தளமோ இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடும். மாலை வேலை முடிந்து வருகிறவர் எப்போது பதிவது? 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த மக்களை நினைத்துத்தான் சொல்கிறேன், வேலை செய்தால் மட்டும் போதாது, செய்ததற்குத் தாள் வேண்டும்.

நிபந்தனை நிறைவேறவில்லை என்று மாநிலம் நினைத்தால் கடிதம் அனுப்பி 30 நாள் தர வேண்டும். அந்த 30 நாளும் காப்பீடு நிற்காது. அதற்குள் மணிக்கணக்கையோ விலக்கையோ காட்டிவிடுங்கள். இந்த நிபந்தனையால் மெடிகெய்ட் போனால் மார்க்கெட்பிளேஸ் மானியமும் கிடைக்காது என்று சட்டமே சொல்கிறது.

படி 7: நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்தால்

நிறுத்துவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு அறிவிப்பு தர வேண்டும். அதில் காரணமும் மேல்முறையீடு செய்யும் கடைசி நாளும் இருக்கும். நிறுத்தும் தேதிக்கு முன்பே மேல்முறையீடு கேட்டால், விசாரணை முடியும்வரை காப்பீட்டைத் தொடரச் சொல்லிக் கேட்கலாம். தோற்றால் அந்தக் காலச் செலவைத் திருப்பிக் கேட்கவும் கூடும், தெரிந்தே கேளுங்கள். படிவம் அனுப்பாததால் நின்றதென்றால், நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் அதே படிவத்தை அனுப்பினால் புது விண்ணப்பம் இல்லாமலே மறுபடி பரிசீலிக்க வேண்டும். 65 வயதுக்குட்பட்ட பெரும்பாலோருக்கு இது பொருந்தும். இதைச் சொன்னதும் முகம் மலர்ந்தவர்கள் பலர்.

வருமானம் உண்மையிலேயே கூடிவிட்டதா? மார்க்கெட்பிளேஸில் சேர உங்களுக்குக் குறைந்தது 60 நாள் உண்டு. 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, நடுவில் பெற்றோர் வருமானம் கூடினாலும் 12 மாதம் தொடரும் என்ற விதி 2024 ஜனவரி முதல் நாடு முழுக்க உள்ளது. எனவே பெற்றோர் அட்டை நின்றாலும் பிள்ளையின் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதிதாக விண்ணப்பிக்கப் போகிறவர்கள் தாமதிக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாத மருத்துவச் செலவைக்கூட இதுவரை மெடிகெய்ட் ஏற்று வந்தது. 2027 ஜனவரி முதல் எக்ஸ்பான்ஷன் பெரியவர்களுக்கு அது ஒரு மாதமாகவும் மற்றவர்களுக்கு இரண்டு மாதமாகவும் குறைகிறது. மருத்துவமனையில் சேர்ந்தால், படுக்கையில் இருக்கும்போதே நிதி உதவிப் பிரிவின் ஆளை வரச் சொல்லி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இடையில் காப்பீடு இல்லாத நாள்களில் மருந்தை நிறுத்தாதீர்கள். மத்திய அரசு உதவி பெறும் சமூக சுகாதார மையங்கள் வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம் வாங்கும், பணம் இல்லை என்று திருப்பி அனுப்பாது. நெஞ்சுவலி போன்ற அவசரம் என்றால், 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு காப்பீட்டைக் கேட்டுக் காக்க வைக்காமல் உங்களைச் சோதித்து நிலைப்படுத்த வேண்டும். பில் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வந்த கடிதங்களையும் எடுத்துக்கொண்டு யாராவது உதவுகிற மேசைக்கு வாருங்கள்.